வெடியார் வழங்கிய டென்னிசு

டென்னிசு எனப்படும் வரிப்பந்தாட்டத்தை அன்னதானம்போல் வழங்கிய மனிதர் இந்நிலவுலகில் ஒருவரே. அவர் எங்கள் வெடியார். மிகைபடக் கூறுதல் எழுத்துக்கு இழுக்கு என்று அரியலூரில் முப்பதாண்டுகள் மாணாக்கர்க்கு எடுத்துரைத்து ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். ஆகையால் எண்ணிப் பார்த்தே இதைச் சொல்கிறேன். கூழ் ஊற்றியவர்கள் உண்டு. நீர்மோர் வார்த்தவர்கள் உண்டு. வழியே போனவரைக் கைப்பிடித்து நிறுத்தி, "ரெண்டு அடி அடிச்சிட்டுப் போங்க, வெறுங்கையோட போகக்கூடாது" என்று மட்டையைத் திணித்தவர் வேறொருவர் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வெடியாருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். குடும்ப அட்டையில் அது அச்சிடப்பட்டும் இருந்தது. ஆனால் நியாயவிலைக் கடைக்காரர் அட்டையைப் பாராமலே "வெடியாருக்கு ரெண்டு லிட்டர் மண்ணெண்ணெய்" என்றுதான் கூவுவார். அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில், ஓய்வுக்குப் பின் நான் வீடு கட்டிக் குடியேறினேன். அடுத்த தெரு வெடியாருடையது. சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் முப்பதாண்டுகள் வெடி வைக்கும் மேஸ்திரியாக இருந்தவர். எந்த ஆலையின் சுரங்கம் என்று கேளாதீர்கள். எங்கள் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் அது ஏதேனும் ஓர் ஆலையின் மதிலுக்குள்தான் விழும்.

முப்பதாண்டு வெடியோசையில் அவருடைய செவிகள் பாதிக்கு மேல் கரைந்து போயிருந்தன. அவரோடு பேசுவதாயின் கத்த வேண்டும். எனக்குக் கொச்சையாகக் கத்தத் தெரியாது. ஆகவே செந்தமிழில் கத்துவேன். "தங்கள் உடல்நலம் எவ்வாறுள்ளது" என்று நான் நலம் உசாவினால், தெருக்கோடியில் படுத்திருக்கும் எருமை எழுந்து நிற்கும்.

வெடியாரிடம் இன்னொரு பழக்கமும் ஊறிப்போயிருந்தது. வெடிக்கும் கணத்தில் வெடிப்பவன் அதைப் பார்க்கலாகாது. மூன்று விசில், சிவப்புக் கொடி, "வெடிடோய்" என்றொரு கூவல், பிறகு முதுகைத் திருப்பிக் குந்தி, இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். இது தொழில் விதி. ஆனால் வெடியாரின் உடம்பு அதைத் தொழிலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. முக்கியமானது எது நடக்கப் போவதாயினும் அவர் திரும்பிக்கொள்வார். இதற்கு அவருடைய மனைவி தனபாக்கியமே சான்று.

"கேளுங்க தமிழய்யா, எங்க கல்யாணத்துல கெட்டிமேளம் கொட்டுனதும் இந்த மனுசன் தாலியக் கையில வச்சிக்கிட்டே முதுகத் திருப்பிக் குந்திட்டாரு. நாந்தான் தோளப் புடிச்சு இந்தப் பக்கம் திருப்புனேன். இல்லன்னா பந்தக்காலுக்குக் கட்டியிருப்பாரு."

"என்ன சொல்றா?" என்று வெடியார் என்னைக் கேட்பார்.

"தங்கள் திருமணத்தை நினைவுகூர்கிறார்" என்று கத்துவேன்.

"அன்னிக்கு நல்ல சாப்பாடு" என்பார் வெடியார்.

இனி, இப்படிப்பட்டவருக்கு டென்னிசின்மீது எவ்வாறு காதல் பிறந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சுரங்கத்தின் விளிம்பை ஒட்டி, கம்பி வேலிக்குள், ஆலை அதிகாரிகளின் மன்றம் ஒன்று இருந்தது. அங்கே மண்ணை உருட்டிச் சமன்செய்து, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்ட ஓர் ஆடுகளம். அதிகாரிகள் மாலை நான்கு மணிக்கு ஆடத் தொடங்குவர். சுரங்கத்தில் வெடி மாலை ஐந்து மணிக்கு. ஆகவே நான்கே முக்கால் மணிக்கு வெடியார் சிவப்புக் கொடியோடு வேலிக்குள் நுழைவார். தொழிலாளிகளில் அந்த வாயிலைக் கடக்கும் உரிமை அவர் ஒருவருக்கே இருந்தது. அதுவும் உள்ளே இருப்பவர்களை வெளியேற்றுவதற்காக. விசில் ஊதுவார். அனைவரும் பதுங்கறைக்குப் போவர். வெடி முடிந்து, ஆபத்தில்லை என்று சங்கு ஊதியதும் அதிகாரிகள் தேநீருக்குப் போய்விடுவர். சங்குக்குப் பின் ஆட்டமில்லை என்பது மன்றத்தின் வழக்கம்.

விளைவு என்னவெனில், முப்பதாண்டுகள் நாள்தோறும் டென்னிசு பார்த்த வெடியார் ஓர் ஆட்டத்தின் முடிவைக்கூடப் பார்த்ததில்லை. "பதினைஞ்சும்பாங்க, முப்பதும்பாங்க, நாப்பதும்பாங்க. நான் கொடியத் தூக்கிருவேன். நாப்பதுக்கு அப்புறம் என்னன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது தமிழய்யா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். காணாமற்போன பிள்ளையைப் பற்றிப் பேசும் குரலில் சொன்னார்.

ஓய்வு பெற்ற மறுவாரமே அவர் அறப்பணியில் இறங்கிவிட்டார். வேலிக்கு வெளியே நிற்பவர்கள் எல்லாருக்கும் டென்னிசு கிடைக்க வேண்டும்; தாமும் ஒருமுறை முடிவைப் பார்த்துவிட வேண்டும். கொள்கை இவ்வளவே. ஊர்ப் பொதுக்களம் அறுவடை இல்லாத காலத்தில் வெறுமனே கிடந்தது. அதில் கோடு போட்டார்; சுண்ணாம்புக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம்? சின்ன வெங்காயம் கட்டும் சிவப்பு வலைச்சாக்குகளைப் பிரித்து ஒன்றோடொன்று தைத்து நடுவில் கட்டினார். அதிகாரிகள் கழித்துவிட்ட மட்டைகளைக் கேட்டு வாங்கிவந்து, கட்டில் நாடாவால் குறுக்கும் நெடுக்கும் பின்னினார். பந்துகளும் அவர்கள் கழித்தவையே. ஒவ்வொன்றும் திருப்பதிக்குப் போய்வந்த தலைபோல் மயிரின்றிப் பளபளத்தது.

பிறகு விருந்து தொடங்கிற்று. வெடியாரின் முறை அன்னதான முறை. வந்தவர்களை வரிசையாக உட்கார வைப்பார். ஆளுக்கு நான்கு பந்து. அடித்தவர் எழ, அடுத்த வரிசை அமரும். சாதி, குலம், வயது, விருப்பம் எதுவும் பார்க்கப்படமாட்டாது. விருப்பம் அறவே பார்க்கப்படமாட்டாது. செட்டிகுளத்து முருகனுக்குக் காவடி எடுத்துப் போன கூட்டம் ஒன்று காவடிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆளுக்கு நான்கு பந்து அடித்த பிறகே மலையேற விடுவிக்கப்பட்டது. வாக்குக் கேட்க வந்த வேட்பாளர் ஒருவர் கும்பிட்ட கையைப் பிரிக்குமுன் அதற்குள் மட்டை செருகப்பட்டது.

இதிலே சிக்கல் எங்கே வந்ததென்றால், வெடியாருக்கு எதையும் எச்சரிக்கை இல்லாமல் ஏவத் தெரியாது. பந்தை முதலில் அடித்துத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் மூன்று விசில் ஊதுவார். கொடியை உயர்த்துவார். "வெடிடோய்" என்று கூவுவார். பிறகு முதுகைத் திருப்பிக் குந்திக் காதைப் பொத்திக்கொள்வார். சுற்றி நிற்போரும் அவ்வாறே குந்த வேண்டும். அதன் பின்னரே பந்து அடிக்கப்படும். அடித்த பந்து எழும்பாமல் தரையோடு கிடந்துவிட்டால் யாரும் அதனருகே போகக்கூடாது. வெடிக்காத குழிக்கு உள்ள விதியே அதற்கும். வெடியார் ஒருவரே பக்கவாட்டில் நடந்து சென்று, காலால் தட்டிப் பார்த்து, "செத்துருச்சு, எடுத்துக்கலாம்" என்று அறிவிப்பார். எங்கள் ஊரார் டென்னிசு என்றாலே இப்படித்தான் என்று நம்பினார்கள். அவர்களைக் குறைசொல்வது எவ்வாறு? அவர்கள் வேறு டென்னிசைப் பார்த்ததில்லையே.

களம் சாலையோரம் இருந்தமையால் கொடியைக் கண்டு பேருந்துகளும் நின்றன. எங்கள் ஊர் அஞ்சலை மட்டையோடு நின்றிருந்த ஒருநாள், நடத்துநர் இறங்கி வந்தார்.

"யோவ் பெரியவரே, எதுக்குய்யா செவப்புக் கொடி? பாலம் கீலம் ஒடஞ்சு போச்சா?"

"அஞ்சலை பந்தடிக்கப் போவுது."

"அடிக்கட்டும். அதுக்கு எதுக்கு நான் வண்டிய நிறுத்தணும்?"

"கொடியப் பாத்தா நிறுத்தணும். அதான் சட்டம். நிறுத்துனது நிறுத்திட்ட, எல்லாரையும் எறக்கிவுடு. ஆளுக்கு நாலு."

பேருந்தில் பெரம்பலூருக்குப் பெண் பார்க்கப் போன குடும்பம் ஒன்று இருந்தது. மாப்பிள்ளையின் தாயார் பழத்தட்டை என் கையில் தந்துவிட்டு நான்கு பந்து அடித்தார். நான்கும் வலையைத் தாண்டின. "இத்தன வருசமா இது தெரியாமப் போச்சே" என்று அவர் சொல்லிக்கொண்டே பேருந்தில் ஏறியதை நான் என் காதால் கேட்டேன். நடத்துநரும் மறுவாரத்திலிருந்து, கொடி இல்லாத நாளிலும், களத்தருகே வந்ததும் தாமே விசில் ஊதி இறங்கினார்.

மதிப்பெண் முறை வேறு வகையான இடர். நாற்பதுக்குப் பின் என்ன என்பதை வெடியார் அறியார் என்று முன்னமே கூறினேன். ஆகவே எங்கள் ஊர் ஆட்டத்தில் நாற்பதுக்குப் பின் ஐம்பது வந்தது. பின்னர் அறுபது வந்தது. அஞ்சலைக்கும் தபால்காரருக்கும் வெள்ளிக்கிழமை தொடங்கிய ஆட்டம் அடுத்த செவ்வாயன்று எண்ணூற்று அறுபதில் நின்றது. அதுவும், தபால்காரருக்கு மாற்றல் வந்துவிட்டதால் நின்றது.

நான் பொறுக்கமாட்டாமல் திருச்சிக்குச் சென்றிருந்தபோது ஒரு நூலகத்தில் விதிநூலைத் தேடிப் படித்துவந்து விளக்கினேன். "நாற்பது பெற்றவர், எதிராளி அதே எண்ணில் இல்லாதபோது, மேலும் ஒருமுறை வென்றால் அவ்வாட்டம் முடிவுற்றது" என்று கத்தினேன்.

வெடியார் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நாப்பதோட முடிஞ்சிருமா? நல்லா இருக்கே கதெ. ஆப்பீசருங்க அம்புட்டுச் செலவு பண்ணி வலெ கட்டி, நாப்பதுக்காகவா ஆடுவாங்க? யாரோ உங்கள ஏமாத்திப்புட்டாங்க தமிழய்யா."

இதற்கிடையில் அரசின் உதவியையும் அவர் நாடினார். "எங்கள் ஊருக்கு டென்னிசு வேண்டும்" என்று நான் எழுதிக் கொடுத்த மனுவோடு பெரம்பலூருக்குப் புறப்பட்டார். போகும் வழியில் யாரோ அரியலூர் தனி மாவட்டமாகிவிட்டது என்று சொல்ல, பாதியில் இறங்கித் திரும்பி வந்தார். மனுவைத் திருத்தி எழுதினேன். திருத்திய மனு பத்திரமாக இருக்கட்டும் என்று தனபாக்கியம் அரிசிப்பானைக்குள் வைத்தார். அது மீண்டும் அகப்படுவதற்குள் அரியலூர் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டுவிட்டது. எந்த ஊர் ஆட்சியருக்கு என்பது உறுதிப்படும்வரை மனுவைப் பானையிலேயே வைப்பதென்று முடிவாயிற்று.

அறப்பணிக்கு உண்மையான ஆபத்து சோளத்தின் வடிவில் வந்தது. அவ்வாண்டு மக்காச்சோளம் நன்கு விளைந்திருந்தது. ஊர்த்தலைவர் நேரில் வந்தார். "தை பொறந்தா களத்துல சோளம் காயணும். அதுக்குள்ள கொடியையும் வலையையும் சுருட்டிருங்க. இந்தத் தடவ திருப்பித் தர்றதா இல்ல, களத்துக்குச் சிமெண்டு போடப் போறோம், கொடவுன் வருது" என்றார். ஊரில் வேறு சமநிலம் இல்லை. ஊருக்கு மேற்கே சுரங்கம், கிழக்கே காடு. டென்னிசு விளையாடத்தக்க இடமாக எஞ்சியிருந்தது வேலிக்குள் இருந்த அதிகாரிகளின் களம் ஒன்றே.

வெடியார் மன்றச் செயலாளரிடம் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வாயிலை ஊராருக்குத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டார். செயலாளர் ஒரு பொறியாளர், நல்ல மனிதர், ஆனால் மறுக்கத் தெரியாதவர். மறுக்கத் தெரியாதவர்கள் நிபந்தனை விதிப்பார்கள்.

"எங்க டாக்டரோட உங்காளு யாராச்சும் ஒரு செட் ஆடட்டும். அதுல ஒரே ஒரு கேம் ஜெயிச்சாக்கூடப் போதும், ஞாயித்துக்கெழம கேட்டத் தொறந்து விடறோம். ஜெயிக்கலன்னா இந்தப் பேச்சே வேணாம். சரியா மேஸ்திரி?"

ஆலை மருத்துவர் அதிகாரிகளில் மிகச் சிறந்த ஆட்டக்காரர். ஆறு ஆட்டம் கொண்டது ஒரு செட். அதில் ஓர் ஆட்டமாவது வென்றாக வேண்டும். தோற்றால் வெடியாருக்குக் களமும் இல்லை, வாயிலும் இல்லை; வெங்காயச்சாக்கு மட்டுமே மிஞ்சும். அவர் அஞ்சலையைத் தேர்ந்தெடுத்தார். அஞ்சலை செட்டிகுளத்துப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். சோளக்கொல்லையில் கிளி விரட்டக் கவண் சுழற்றிய கை. அவள் சுழற்றிய கல் கிளியைத் தொடாது; கிளி அமர்ந்திருந்த தட்டையை மட்டும் முறித்துவிட்டுப் போகும் என்பார்கள்.

ஆட்ட நாளில் ஊரே வேலிக்குள் சென்று ஒருபுறம் அமர்ந்தது. மறுபுறம் அதிகாரிகளும் அவர்தம் குடும்பத்தாரும். அஞ்சலை பந்தை அடித்துத் தொடங்கும் ஆட்டங்களில் மட்டும் எங்கள் ஊர் முறையைப் பின்பற்ற வேண்டுமென வெடியார் கேட்டார். கிடந்த பந்தைக் காலால் தட்டிப் பார்க்கும் சடங்கை மட்டும் நீக்கிவிட்டு, செயலாளர் ஒப்புக்கொண்டார். அது எத்தகைய முறை என்பதை அவர் அப்போது அறியார்.

நான்கு மணிக்குத் தொடங்கிற்று. மருத்துவர் கைதேர்ந்தவர். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து ஆட்டங்களை வென்றார். அஞ்சலை அடித்த பந்துகள் களத்தைத் தவிர எல்லா இடங்களிலும் விழுந்தன. ஒன்று செயலாளரின் காருக்கடியில் இருந்தது. தனபாக்கியம் எழுந்தார். "வாங்க தமிழய்யா, போவலாம். ஒல வைக்கணும்" என்றார். வெடியார் அசையவில்லை.

ஆறாவது, கடைசி ஆட்டம். பந்து அஞ்சலையிடம். மூன்று விசில்; கொடி; "வெடிடோய்"; ஊரார் அனைவரும் ஒரே அசைவாக முதுகைத் திருப்பிக் குந்திக் காதைப் பொத்தினர். முன்னிரண்டு முறை இதைக் கண்டு சிரித்த அதிகாரிகளின் குடும்பங்கள் இம்முறை சிரிக்கவில்லை. ஒரே செயலை ஐம்பது பேர் உறுதியோடு செய்யும்போது, செய்யாதிருப்பவர்களுக்குத் தாம் எதையோ அறியவில்லை என்ற ஐயம் எழுகிறது. முதலில் செயலாளரின் துணைவியார் காதைப் பொத்தினார். அடுத்துக் கணக்காளர் நாற்காலியிலிருந்து இறங்கிக் குந்தினார். அவரைத் தொடர்ந்து, வலைக்கப்பால் தன்னந்தனியே நின்ற மருத்துவரின் முழங்கால்கள் தாமாக மடங்கியதை நான் கண்டேன். அவர் மீண்டும் நிமிர்வதற்குள் பந்து அவரைக் கடந்துவிட்டது. பதினைந்து. இடையில் மருத்துவர் சுதாரித்து இருமுறை வென்றார். அஞ்சலையும் மேலும் இருமுறை வென்றாள். அவளுக்கு நாற்பது, அவருக்கு முப்பது. இன்னும் ஒரே ஒரு பந்து.

வெடியார் விசில் ஊதினார். கொடியை உயர்த்தினார். முதுகைத் திருப்பினார். திரும்பியதால் அவர்தாம் முதலில் பார்த்தார்: வாயிலருகே இன்னொரு சிவப்புக் கொடி வந்துகொண்டிருந்தது.

அது கலியன். வெடியாரிடம் தொழில் பழகி, அவருக்குப்பின் மேஸ்திரியானவர், நாற்பது வயதுக்காரர்.

"மேஸ்திரி, மணி நாலே முக்கா. பன்னெண்டு குழி. எல்லாரும் கெளம்பணும்."

"ரெண்டு நிமிசம்டா கலியா. ஒரே ஒரு அடிதான் பாக்கி."

"முப்பது வருசத்துல அந்த ரெண்டு நிமிசத்த நீங்க யாருக்காச்சும் குடுத்திருக்கீங்களா?"

வெடியார் தம் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தாமே விசிலை எடுத்து ஊதினார். "எந்திரிங்க. எல்லாரும் ஷெல்டருக்குப் போங்க. அஞ்சல, மட்டையக் கீழ வையி. டாக்டரய்யா, நீங்களுந்தான்."

பதுங்கறை இருபது பேருக்காகக் கட்டப்பட்டது. நூறு பேர் அதில் நின்றோம். மருத்துவரின் தோளில் தனபாக்கியத்தின் வெற்றிலைப் பை தொங்கியது. செயலாளர் என் காலின்மீது நின்றார். அவர் காலின்மீது பால்காரர் நின்றார். வெடியார் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். காது போன பின்பு அவர் வெடியைக் காலால்தான் எண்ணுவார். தரை அதிர அதிர அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. அதிர்ச்சி அடங்கியது.

வெடிக்காத குழி ஒன்றேனும் இருந்தால் அரை மணி நேரம் ஒருவரும் வெளியே போகக்கூடாது என்பது விதி. கலியன் சங்கை ஊதாமல் செயலாளரைப் பார்த்தார்.

"சார், எனக்குப் பதினொண்ணுதான் கேட்டாப்ல இருக்கு. ஆனா ஒண்ணு. டீக்குப் போவாம ஆட்டத்த முடிச்சிட்டுத்தான் போவோம்னு நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா, பன்னெண்டாவதும் கேட்டாலும் கேட்டுரும்."

நூறு பேரும் வெடியாரைப் பார்த்தோம். அவருக்குப் பேச்சு விளங்கவில்லை. நான் குனிந்து அவர் காதருகே, அவருக்கு மட்டும் கேட்கும்படி கத்தினேன். ஆகவே அனைவருக்கும் கேட்டது. அவர் முகத்தில் முப்பதாண்டுகள் வந்து நின்றுபோயின.

"பன்னெண்டும் வெடிச்சிருச்சு" என்றார். "ஊதுடா சங்க. குழி விசயத்துல பொய் சொன்னவன் கை, கையா இருக்காது."

சங்கு ஊதியது. அதிகாரிகள், வழக்கப்படி, தேநீருக்குப் போனார்கள்.

வெடியார் மட்டும் களத்துக்குத் திரும்பினார். நானும் உடன் போனேன். வெடித்த பின்பு அந்தக் களத்தில் அவர் கால் பட்டது அன்றுதான் முதல்முறை. வலையைத் தொட்டுப் பார்த்தார். "இதுக்கப்புறம் இங்க ஒண்ணுமே நடக்காது போல தமிழய்யா. நான்தான் என்னமோ இருக்கும்னு நெனச்சிட்டேன்" என்றார். கத்திச் சொல்லத்தக்க ஆறுதல் எந்த மொழியிலும் இல்லை.

அப்போது மன்றத்தின் வராந்தாவிலிருந்து அஞ்சலையின் குரல் கேட்டது. அவள் மட்டையும் கையுமாகத் தேநீர் மேசைமுன் போய் நின்றிருந்தாள்.

"டாக்டரய்யா, போன ஆடி மாசம் எனக்கு ஊசி போட்டீங்கள்ல? பாதி மருந்த ஏத்திட்டு, ஊசி குத்துனது குத்துனபடி இருக்க, டீ குடிக்கவா போனீங்க?"

"இல்லம்மா."

"அப்ப இது மட்டும் என்ன பழக்கம்?"

செயலாளர் வழக்கம் என்ற சொல்லைத் தொடங்கினார். மருத்துவர் அவரைக் கையமர்த்திவிட்டு எழுந்தார். கடித்த உளுந்துவடையை இடக்கையிலும் மட்டையை வலக்கையிலும் ஏந்திக் களத்துக்கு வந்தார். பின்னாலேயே எல்லாரும் வந்தார்கள், சிலர் குவளையோடு.

வெடியார் நிமிர்ந்தார். விசிலை எடுத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. கொடி உயர்ந்தது. "வெடிடோய்."

அஞ்சலை அடித்தாள். மருத்துவர் வடையோடு ஓடித் திருப்பி அடித்தார். அஞ்சலை கவண் சுழற்றுவதுபோல் ஒரு சுழற்றுச் சுழற்றி அடித்தாள். பந்து எதிர்க்களத்தின் கடைக்கோட்டில் விழுந்தது. கோட்டின் சுண்ணாம்பு வெண்புகையாக எழுந்தது. உள்ளே விழுந்ததா, வெளியேயா என்று எவரும் கேட்க இடமில்லை. மருத்துவரே மட்டையால் கோட்டைத் தொட்டுக்காட்டி, "உள்ளதான். கேம் உங்களுக்கு" என்றார். அந்த ஞாயிறு முதல் அந்த வாயில் ஊராருக்குத் திறந்தது. சொன்ன சொல்லைச் செயலாளர் காத்தார்.

ஊரே எழுந்து கூச்சலிட்டபோது ஒருவர் மட்டும் எழவில்லை. வெடியார் முதுகைத் திருப்பிக் குந்தி, காதைப் பொத்தி, விதிப்படி காத்திருந்தார். தனபாக்கியம் போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினார். முடிந்துவிட்ட களத்தை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"என்னாச்சுங்க தமிழய்யா?"

சொன்னேன். அஞ்சலை எப்படி நின்றாள், பந்து எப்படிப் போயிற்று, சுண்ணாம்பு எப்படி எழுந்தது என அனைத்தையும் சொன்னேன். "எத்தன தடவ போயி வந்துச்சு?" என்று கேட்டார். உண்மையில் பந்து வலையைக் கடந்தது மூன்றே முறை. அவர் முகத்தைப் பார்த்தேன். "ஐந்து முறை" என்று கத்தினேன்.

அதன்பின் ஞாயிறுதோறும் வேலிக்குள் விசில் ஒலித்தது. ஞாயிறுதோறும் அவர் முதுகைத் திருப்பினார். அவர் காணாத அந்த ஓர் அடியைப் பற்றி, கடைவீதியிலும், கோயில் வாசலிலும், அரியலூர் இரயிலடியிலும் என்னைக் கேட்டார். ஒவ்வொரு முறையும் பந்து ஓரிரு முறை கூடுதலாகப் போய் வந்தது. மிகைபடக் கூறுதல் பற்றி நான் மாணாக்கர்க்குச் சொன்னதெல்லாம் இப்போதும் உண்மையே. அவர் என் மாணாக்கர் அல்லர்.

சில ஆண்டுகள் சென்று, அவர் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார். அஞ்சலை ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நான் அமர்ந்ததும், நலம் உசாவுவதற்கு முன்பே, அவர் கேட்டுவிட்டார். நான் தொடக்கத்திலிருந்து சொன்னேன். செவிலியர் வந்து, இங்கே கத்தக்கூடாது என்று கடிந்துவிட்டுப் போனார். குனிந்து காதருகே மீதியைச் சொன்னேன்.

"எத்தன தடவ போயி வந்துச்சு?"

"நாற்பது."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நாப்பதோட முடிஞ்சிருச்சா தமிழய்யா?"

"முடியவில்லை" என்றேன். "அதற்கு மேலும் போயிற்று."